அரிய ஆங்கிலச் சொற்கள்: தேர்ந்தெடுக்க, மனதில் நிறுத்த, இடமறிந்து எழுத

2017 மே மாதம் சசி தரூர் ட்விட்டரில் எழுதிய ஒரே வாக்கியத்தால் 'ஃபராகோ' என்ற சொல் இந்தியா முழுக்கப் பிரபலமானது. பலரும் அகராதியைத் திறந்தார்கள். தாறுமாறான கலவை என்று பொருள் கிடைத்தது. பெரும்பாலானோர் அதோடு நின்றுவிட்டார்கள். அந்தச் சொல் இன்றும் நினைவில் இருக்கும் பலருக்கு அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வராததற்குக் காரணம் அதுதான்.

தரூர் அதை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். திரிபுகளும் தவறான சித்திரிப்புகளும் அப்பட்டமான பொய்களும் சேர்ந்த ஃபராகோ என்றார். ஆங்கிலத்தில் சொல்லை ஒட்டி 'ஆஃப்' வருகிறது. அதற்கடுத்து வருபவை எல்லாம் எழுதியவருக்கு எரிச்சலூட்டிய விஷயங்கள். லத்தீனில் இது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனத்தைக் குறித்த சொல். அந்த இளக்காரம் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆகவே கல்யாணப் பந்தியில் வைத்த பழக்கலவையைப் பாராட்ட இது உதவாது. பொருள் தெரிந்தால் படிக்கும்போது புரியும், அவ்வளவுதான். எழுத வேண்டுமென்றால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொற்கள் வரும், அது பாராட்டா திட்டா, எந்த இடத்தில் பொருந்தாது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

முதல் படி: எந்தச் சொற்களைப் படிப்பது

முதலில் அடித்தளத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருக்கின்றன. அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது பட்டியலில் பாதிக்கு மேல் தடுமாறினால், அரிய சொற்களைச் சிறிது காலம் தள்ளிவையுங்கள். 'அனலைஸ்', 'கான்ட்ராஸ்ட்', 'இம்ப்ளிகேஷன்' போன்றவற்றைச் சரளமாக எழுத வராதவர் எங்கும் காணப்படுவது என்ற பொருளுடைய 'யுபிக்விடஸ்' எழுதினால் அந்த ஒரு சொல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

அடித்தளம் சரியென்றால், அடுத்து வருவது இடைநிலைச் சொற்கள். தலையங்கத்திலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் நல்ல கட்டுரையிலும் அடிக்கடி வரும், ஆனால் டீக்கடை ஆங்கிலத்தில் வராது. 'மிட்டிகேட்', 'டாசிட்', 'ப்ரிகேரியஸ்', 'எக்ஸாசர்பேட்' எல்லாம் இந்த ரகம். நம் உழைப்பு முழுவதும் இங்கேதான் போக வேண்டும். 29 எழுத்துள்ள 'ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' போன்றவை காட்சிப் பொருட்கள். தெரிந்துகொள்ளலாம், எழுதப் பழக வேண்டாம்.

தேர்வுக்காகப் படிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்களுக்குச் சம மதிப்பு, அவற்றில் சொல்வளம் ஒன்று. அரிதான சொற்களை முயன்று அங்கங்கே தவறுபவருக்கு 9-க்கு 6, அதே சொற்களைத் தொனியும் சேர்க்கையும் ஓரளவு உணர்ந்து எழுதுபவருக்கு 7 என்கிற போக்கில்தான் அதன் மதிப்பெண் விளக்கங்கள் இருக்கின்றன. வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? அச்சிட்ட சொற்பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பட்டியலில் வரும் சொல்லுக்கு முன்னும் பின்னும் எதுவும் இருக்காது. நீங்கள் விரும்பிப் படிக்கும் விஷயத்திலிருந்து எடுங்கள். கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ஆட்ட விமர்சனங்களே பெரிய சுரங்கம். ஓட்டம் கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்கும் பந்துவீச்சை அங்கே 'பார்சிமோனியஸ்' என்று புகழ்வார்கள். வாரி வழங்குபவரை 'ப்ராஃப்ளிகட்' என்பார்கள். பணவிஷயத்தில் ஒரு மனிதரை 'பார்சிமோனியஸ்' என்றால் கஞ்சத்தனத்தைக் குத்திக்காட்டுவதாகும், பந்துவீச்சாளருக்கோ அது மாலை மரியாதை. இந்த நுட்பத்தை எந்தப் பட்டியலும் சொல்லித்தராது.

எடுப்பதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லை முதல்முறை பார்த்ததும் குறிக்காதீர்கள், பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள். இரண்டாவது முறை வேறோர் இடத்தில் கண்ணில் பட்டால் நோட்டில் ஏற்றுங்கள். இரண்டு முறை வந்த சொல் மூன்றாவது முறையும் வரும். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். முப்பது எடுத்தால் ஒன்றும் நிற்காது.

இரண்டாம் படி: அகராதியைப் பயன்படுத்தும் முறை

நாம் எல்லோரும் உடனே தமிழ்ப் பொருளைத்தான் தேடுகிறோம். அதில் தவறில்லை, ஆனால் அதை இரண்டாவதாகச் செய்யுங்கள். 'பிடிவாதம்' என்று தேடினால் ஆங்கிலத்தில் 'ஸ்டபர்ன்', 'ஆப்ஸ்டினட்', 'ஆப்டியுரட்', 'டெனேஷஸ்' என்று வரிசையாக வரும். 'ஆப்ஸ்டினட்' என்றால் சொன்னால் கேட்காதவர் என்ற குறை. 'ஆப்டியுரட்' இன்னும் கடுமை, மனம் இரங்காதவர். 'டெனேஷஸ்' என்றால் எடுத்த காரியத்தை விடாமல் பிடித்திருப்பவர் என்ற பாராட்டு. வேலைக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும் கடிதத்தில் 'டெனேஷஸ்' எழுத வேண்டிய இடத்தில் 'ஆப்ஸ்டினட்' எழுதினால் அவருக்கு அந்த வேலை கிடைக்காது.

ஒல்லியான உடலுக்கும் இப்படித்தான். 'ஸ்லெண்டர்' அழகு, 'ஸ்கின்னி' கொஞ்சம் கேலி, 'லாங்கி' நெட்டையாகக் கைகால் நீண்ட ஒல்லி, 'காண்ட்' நோயாலோ கவலையாலோ கன்னம் ஒட்டிய ஒல்லி, 'எமேசியேட்டட்' பட்டினியில் எலும்பும் தோலுமானது.

அதனால் முதலில் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் மூலப் பதிப்பு 1942-இல் டோக்கியோவில் வெளியானது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் உடனிருந்தவர்களும் தொகுத்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்குப் பொருளைவிட வாக்கிய அமைப்பில்தான் சிக்கல் என்பதை உணர்ந்து செய்த வேலை அது. எந்தச் சொல்லோடு எந்த 'டு', 'ஃபார்', 'வித்' சேரும் என்பது அதில் இருக்கும். 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் இன்னொரு படி மேலே போய், பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. இரண்டுமே இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அங்கே பார்த்துவிட்டு, அப்புறம் தமிழுக்கு வாருங்கள். தமிழ்ப் பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட, அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்துக்கு நிகராக நான் இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

நோட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 'டாசிட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் நீங்கள் பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்: அதிகாரியின் 'டாசிட் அப்ரூவல்' இல்லாமல் இது நடந்திருக்காது. அடுத்து, வாயால் சொல்லாமலே புரியவைத்தது என்ற பொருள். அதற்கடுத்து அது சேரும் சொற்கள்: அப்ரூவல், கன்சென்ட், அண்டர்ஸ்டாண்டிங், சப்போர்ட். பிறகு தொனி: பொதுவாக நடுநிலை, செய்திகளில் வரும்போது ஏதோ மறைமுக ஏற்பாடு என்ற வாசனை. கடைசியாக, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்: வீட்டில் ரிமோட் யாருக்கு என்பதில் எங்களுக்குள் ஒரு 'டாசிட் அண்டர்ஸ்டாண்டிங்' உண்டு. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொல் உங்களுடையதாவது அங்கேதான்.

மூன்றாம் படி: சொற்களின் சேர்க்கை

ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத்தான் அறிய முடியும் என்ற கருத்தை மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957-இல் எழுதினார். அரிய சொற்களுக்கு இது மிகப் பொருந்தும். சாதாரணச் சொல் எல்லோரோடும் பழகும், அரிய சொல்லுக்குக் கூட்டாளிகள் குறைவு. 'இன்க்ளெமன்ட்' என்றால் கடுமையான, இரக்கமற்ற என்று பொருள் போட்டிருக்கும். அதை வைத்து 'இன்க்ளெமன்ட்' மேலாளர் என்று எழுதினால் படிப்பவர் விழிப்பார். இன்றைய ஆங்கிலத்தில் அது ஏறத்தாழ 'வெதர்' என்ற சொல்லோடு மட்டுமே வாழ்கிறது. மழை, புயல் காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை என்று எழுதும்போது எடுத்து வையுங்கள்.

இப்படி ஜோடியாகவே மனதில் ஏற்ற வேண்டியவை நிறைய. கடுமையான விமர்சனம் 'ஸ்கேதிங் கிரிட்டிசிசம்'. அப்பட்டமான விதிமீறல் 'ஃப்ளேக்ரன்ட் வயலேஷன்'. பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தால் 'கோபியஸ் நோட்ஸ்'. அறையில் எல்லோரும் உணரக்கூடிய இறுக்கம் 'பால்பபிள் டென்ஷன்'. உள்நோக்கம் 'அல்டீரியர் மோட்டிவ்'. புயல் ஊரைச் சீரழித்தால் 'ரீக் ஹேவக்'. ஒருவர் செய்த தப்பின் கடுமையைக் குறைத்துக் காட்டும் சூழ்நிலைகள் 'எக்ஸ்டென்யுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்'. கடைசி மூன்றில் முன்னே நிற்கும் சொல்லைத் தனியாகப் பிரித்து வேறு எங்கும் வைக்க முயலாதீர்கள்.

நீங்கள் எழுதும் சேர்க்கை சரியா என்று சந்தேகம் வந்தால், அந்த இரண்டு சொற்களையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளின் செய்திப் பிரிவில் தேடுங்கள். பெரிய பத்திரிகைகளில் பல முறை வந்திருந்தால் தைரியமாக எழுதலாம். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால், மார்க் டேவிஸ் உருவாக்கிய, சுருக்கமாகக் 'கோகா' எனப்படும் தற்கால அமெரிக்க ஆங்கிலத் தரவகம் இருக்கிறது, பேச்சிலும் எழுத்திலும் வந்த ஆங்கிலத்தின் பெருந்தொகுப்பு அது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு அடுத்து எந்தச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன, பேச்சில் அதிகமா ஆய்வுக்கட்டுரையில் அதிகமா என்று பிரித்துக் காட்டும். பதிவு செய்துகொண்டால் ஓரளவு இலவசமாகப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் மிரட்டும், ஆனால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பழகிவிட்டால் அகராதி தராத பதில்களை அது தரும்.

ஆங்கிலத்தில் ஏன் ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியது. பிறகு அறிஞர்கள் லத்தீன், கிரேக்கச் சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய சொற்களும் போகவில்லை. எனவே கேட்பதற்கு 'ஆஸ்க்', 'குவெஸ்ச்சன்', 'இன்டராகேட்' என்று மூன்று அடுக்கு. முதலாவது வீட்டுச் சொல், மூன்றாவது போலீஸ் நிலையச் சொல். நமக்கு இது புதிதல்ல. சொன்னான், மொழிந்தான், இயம்பினான், நவின்றான் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, தமிழ் கற்கும் ஒருவர் காய்கறிக் கடையில் 'விலையை நவிலுங்கள்' என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதே காதால் ஆங்கிலத்தையும் கேளுங்கள். தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல் என்று பிரித்தது. திரிசொல் செய்யுளுக்கு உரியது. ஆங்கிலத் திரிசொற்களுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு.

நான்காம் படி: உச்சரிப்பு

எழுத்தில் மட்டுமே பார்த்த சொல்லைப் பேச்சில் வைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம். மிகைப்படுத்திச் சொல்வதற்கான சொல் 'ஹைப்பர்போல்' அல்ல, 'ஹைபர்பலி'. முழுமையான எடுத்துக்காட்டு என்ற பொருளுடையது 'எபிடோம்' அல்ல, 'இபிட்டமி'. கோணலாகிப் போனதைக் குறிப்பது 'ஆரி' அல்ல, 'அரை'. கப்பல் துறையைக் க்யூ-யு-ஏ-ஒய் என்று எழுதுகிறார்கள், 'கீ' என்று சொல்கிறார்கள். குற்றம் சாட்டுவதற்கான 'இன்டைட்' என்ற சொல்லில் 'சி' ஒலிப்பதே இல்லை. கட்டடத்தின் முகப்பு 'ஃபசாட்'.

இதைவிட முக்கியமானது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் அடையாளம் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'ஃபட்டாக்ரஃபர்' என்பதில் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவதில். 'இக்', 'இட்டி', 'ஷன்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த முடிவுக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். இந்த ஒரு விதி ஆயிரக்கணக்கான சொற்களுக்கு உதவும். அகராதியில் ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்திக் கேட்டு, நோட்டில் அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வேரைப் பிடிப்பது, வேரை நம்பி ஏமாறாமல் இருப்பது

லத்தீனில் மந்தைக்கு 'க்ரெக்ஸ்' என்று பெயர். அதிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். கூட்டத்தோடு இருப்பதை விரும்புபவர் 'க்ரிகேரியஸ்'. கூடுவது 'காங்க்ரிகேட்'. கூட்டத்திலிருந்து பிரித்து வைப்பது 'செக்ரிகேட்', குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லி மாநகராட்சி எழுதிவைக்கும் அதே சொல். ஒன்றுதிரட்டுவது 'அக்ரிகேட்'. ஒரு வேர் தெரிந்தால் நான்கு சொற்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும். பேசுவதைக் குறிக்கும் 'லாக்வ்' என்ற வேரும் அப்படித்தான். நாவன்மை உள்ளவர் 'எலக்வன்ட்', ஓயாமல் பேசுபவர் 'லக்வேஷஸ்', தனிமொழி 'சலிலக்வி', பொம்மையை வைத்துப் பேசும் கலைஞர் 'வென்ட்ரிலக்விஸ்ட்', அதாவது வயிற்றால் பேசுபவர்.

ஆனால் மந்தை வேரில் ஐந்தாவதாக ஒரு சொல் உண்டு, 'இக்ரீஜஸ்'. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்று பொருள். ஒரு காலத்தில் சிறப்பால் தனித்து நிற்பவரையும் அப்படிப் புகழ்ந்தார்கள். இன்று அது மோசத்தால் தனித்து நிற்பதற்கு மட்டும்தான்: 'இக்ரீஜஸ் எரர்' என்றால் மன்னிக்க முடியாத பிழை. வேர் எங்கே புறப்பட்டது என்று காட்டும். சொல் இப்போது எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பயன்பாட்டில்தான் பார்க்க வேண்டும்.

தோற்றத்தால் ஏமாற்றும் சொற்கள் வேறு இருக்கின்றன. 'நாய்சம்' என்றால் சத்தமானது அல்ல, நாற்றமடிப்பது. 'எனர்வேட்' சக்தி கொடுப்பதல்ல, சோர வைப்பது. 'ரெஸ்டிவ்' அமைதியாக இருப்பதல்ல, பொறுமையிழந்து நெளிவது. 'இன்வேல்யுபிள்' மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. 'இன்ஃப்ளேமபிள்' தீப்பிடிக்காதது அல்ல, எளிதில் தீப்பிடிப்பது. லாரியின் பின்னால் அந்தச் சொல்லைப் பார்த்தால் விலகிப் போங்கள்.

இரட்டையர்கள் போல இருப்பவற்றை ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதிவைப்பது நல்லது. நீதிபதி 'டிஸின்ட்ரஸ்டட்' ஆக இருக்க வேண்டும், அதாவது வழக்கில் சொந்த லாபம் இல்லாதவராக. அவர் 'அன்இன்ட்ரஸ்டட்' ஆக இருந்தால் வழக்கில் ஆர்வமே இல்லாமல் தூங்குகிறார் என்று அர்த்தம். நகையைக் காட்டிப் பெருமை அடிப்பது 'ஃப்ளாண்ட்', சட்டத்தை மதிக்காமல் மீறுவது 'ஃப்ளவுட்'. 'மிட்டிகேட்' என்றால் பாதிப்பைக் குறைப்பது, அதற்குப் பின் 'அகெய்ன்ஸ்ட்' வராது. 'அகெய்ன்ஸ்ட்' சேர்வது 'மிலிடேட்' என்ற சொல்லோடு.

ஆறாம் படி: மறக்காமல் இருக்க

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் தன் நினைவாற்றலையே சோதித்து வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகிறது, பிறகு வேகம் குறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது. அதாவது ஒரே இரவில் இருபது முறை சொல்லிப் பார்ப்பதைவிட, மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் என்று பார்ப்பது மேல். இதை அட்டைகளாலும் பெட்டிகளாலும் செய்யும் முறையை 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பினார். கைபேசியில் செய்ய 'அன்கி' செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்.

அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுதாதீர்கள். முழு வாக்கியத்தை எழுதி அந்தச் சொல்லின் இடத்தில் கோடிடுங்கள். 'மழையால் ஆட்டம் ரத்து' என்ற செய்தியின் ஆங்கில வாக்கியத்தில் 'வெதர்' முன்னால் ஒரு கோடு இருந்தால், 'இன்க்ளெமன்ட்' அதன் துணையோடேயே நினைவுக்கு வரும்.

ஏழாம் படி: எழுத்தில் வைப்பது

முதலில் எழுத்தில், பிறகு பேச்சில். எழுதும்போது நின்று யோசிக்க நேரம் இருக்கிறது. தினமும் ஐந்தாறு வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள், அன்று நடந்ததைப் பற்றி. அந்த வாரம் நோட்டில் ஏறிய சொற்களில் ஒன்று மட்டும் வரட்டும். ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் வைத்தால் படிப்பவரின் கவனம் விஷயத்தை விட்டுச் சொற்களுக்குப் போய்விடும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. அரிய சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லை வைத்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் எளியதையே விட்டுவிடுங்கள். கிளம்பினேன் என்பதற்கு 'ஐ லெஃப்ட்' இருக்க 'ஐ டிபார்ட்டட்' வேண்டாம். எளிய சொல்லால் ஈடுகட்ட முடியாதபோது அரிய சொல்லுக்கு வேலை இருக்கிறது. பிரச்சினை ஏற்கெனவே இருந்தது, நீங்கள் எடுத்த நடவடிக்கை அதை இன்னும் மோசமாக்கியது என்பதை 'எக்ஸாசர்பேட்' ஒரே சொல்லில் சொல்லிவிடும். 'மேக்' என்றோ 'காஸ்' என்றோ எழுதினால் பிரச்சினையையே நீங்கள் உண்டாக்கியதாகிவிடும். இங்கே அரிய சொல்தான் சரியான சொல்.

யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதும் இருக்கிறது. மருந்துச் சீட்டின் குறிப்பு, வங்கிக்கு எழுதும் புகார், சக ஊழியருக்கு வாட்ஸ்அப் செய்தி, இவற்றில் எளிய சொல் மட்டும். கட்டுரை, விண்ணப்பத்தின் நோக்க அறிக்கை, ஆய்வுச் சுருக்கம், விமர்சனம் ஆகியவற்றில் தாராளமாக இடம் உண்டு.

கற்ற எல்லாச் சொற்களையும் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. படித்தால் புரியும் சொற்கள் எப்போதும் அதிகமாகவும், எழுதும் சொற்கள் அதில் ஒரு பகுதியாகவும்தான் இருக்கும். தாய்மொழியிலும் நமக்கு அப்படித்தான்.

தொடங்குவதற்குச் சில ஜோடிகள்: மேலோட்டமான பார்வைக்குக் 'கர்சரி க்ளான்ஸ்', மலைக்க வைக்கும் வேலைக்கு 'டான்டிங் டாஸ்க்', நல்ல லாபம் தரும் தொழிலுக்கு 'லூக்ரடிவ் பிசினஸ்', தாங்கி நிற்க முடியாத வாதத்துக்கு 'அன்டெனபிள் ஆர்க்யுமென்ட்', எப்போது கவிழுமோ என்ற நிலைக்கு 'ப்ரிகேரியஸ் பொசிஷன்', தெரியாமல் நடந்த பிழைக்கு 'இன்அட்வர்டன்ட் எரர்'. இவற்றில் மூன்றை இன்று எடுத்து, நாளைய நாளிதழில் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று தேடுங்கள். கண்டதும் அந்த வாக்கியத்தை முழுதாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.